சம்பந்தி வீட்டு ஸ்மித் எந்த ஸ்மித்?

என் மருமகள் பென்சில்வேனியாக்காரி. பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் ஸ்மித். பேரன் பிறந்ததும் இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நம் பக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. தலைப்பெழுத்தை வைத்துக்கொண்டு எத்தனை தூரம் போக முடியும்? அந்தப் பக்கம் குடும்பப்பெயர் இருக்கிறதே, சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மித்துகள் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது.

ஸ்மித் என்றால் கொல்லர். இங்கிலாந்திலிருந்து ஸ்மித்தாகவே வந்தவர்கள் உண்டு. ஜெர்மனியிலிருந்து ஷ்மிட்டாக வந்து இங்கே ஸ்மித் ஆனவர்கள் உண்டு. அயர்லாந்திலும் கொல்லரைக் குறிக்கும் பெயரை ஸ்மித் என்று மாற்றிக்கொண்டார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதுவே பெயர். ஆகவே பெயர் ஒன்று என்பதை உறவுக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. குடியேறுபவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலைத்தான் அங்கே சரிபார்த்தார்கள். பெரும்பாலும் பெயரை மாற்றிக்கொண்டது வந்தவர்களேதான், அதுவும் பிற்பாடு.

படி 1: உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

கப்பலிலிருந்து தொடங்கி இறங்கி வராதீர்கள். 1740-ல் வந்த ஒரு ஜான் ஸ்மித்தைப் பிடித்துவிட்டு அவர் நம்மவர்தான் என்று நிரூபிக்கப் பார்ப்பது எல்லோரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன். சம்பந்தியின் பிறப்புச் சான்றிதழ், அவர் அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். பென்சில்வேனியாவில் மாநில அளவிலான பிறப்பு, இறப்புப் பதிவு 1906-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் பத்தாண்டுக் கணக்கெடுப்புதான் கை கொடுக்கும். 1880 ஏட்டில் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, பெற்றோர் எங்கே பிறந்தவர்கள் என்பதெல்லாம் இருக்கும். 1850-க்கு முந்தைய ஏடுகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும். 1890 ஏடுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921 தீவிபத்திலும் அதற்குப் பிறகும் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு தொடங்கினால் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

படி 2: பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பிடியுங்கள்

ஸ்மித்துகள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஓடையோரத்து அந்த நூறு ஏக்கர் ஒன்றுதான். ஆனால் அது எந்தக் கவுண்டி என்று பார்க்க வேண்டும். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, நம் மாவட்டங்களைப் போலவே பிரிந்துகொண்டே போகும். பென்சில்வேனியாவில் இன்றைய லெபனான் ஊர்ப்பக்கத்துப் பண்ணை ஒன்று 1729 வரை செஸ்டர் கவுண்டி, அப்புறம் லங்காஸ்டர், 1785-லிருந்து டாஃபின், 1813-லிருந்துதான் லெபனான். வீட்டை விட்டு அசையாத ஒரு குடும்பத்தின் பத்திரங்கள் நான்கு நீதிமன்றங்களில் கிடக்கலாம். லெபனானில் 1790-ஐத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று நான் ஏட்டை மூடியிருக்கிறேன்.

படி 3: ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்து எழுதுங்கள்

இதுதான் உண்மையான வேலை. ஒரு பெரிய தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் கிடைக்கிற ஒவ்வொரு ஜான் ஸ்மித்துக்கும் ஒரு கட்டம். ஆண்டு, நிலம், மனைவி பெயர், பக்கத்து நிலக்காரர், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோராக நின்றவர். இந்தப் பக்கத்து ஆட்கள்தான் உங்கள் ஆளை அடையாளம் காட்டுவார்கள். இரண்டு ஜான்களுக்கு ஒரே மனைவி, ஒரே சாட்சி என்று வந்தால் அது ஒரே ஆளாக இருக்கலாம். ஒரே ஆண்டு வரிப்பட்டியலில் இரண்டு ஜான்கள் வெவ்வேறு நிலத்துக்கு வரி கட்டியிருந்தால் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்; ஒருவருக்கே இரண்டு நிலம் இருந்திருக்கலாம். அடுத்த சில ஆண்டுகளையும் பாருங்கள்.

சீனியர், ஜூனியர் என்று எழுதியிருந்தால் அப்பா, மகன் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்தில் ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் சீனியர், அவ்வளவுதான். நம் ஊரில் பெரிய முருகன், சின்ன முருகன் என்போமே, அதே கதை. நான் இப்படி இரண்டு பேரை அப்பா மகனாக்கி, மூன்று மாதம் கழித்துப் பிரித்தேன்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. 1752-க்கு முன் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். ஏப்ரல் 1740-ல் கல்யாணம், பிப்ரவரி 1740-ல் குழந்தை என்று பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அது நம் கணக்கில் பிப்ரவரி 1741.

படி 4: எழுத்தரை நம்பாதீர்கள், கையெழுத்தைப் பாருங்கள்

எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஷ்மிட், ஷ்மித், ஸ்மித், ஸ்மைத் எல்லாம் தேடுங்கள். ஏட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல். முடிந்தால் மூல உயிலைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே முழுக்க ஸ்மித் என்றிருக்கும், அடியில் ஜெர்மன் எழுத்தில் ஷ்மிட் என்று கையெழுத்து இருக்கும். அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும். 1727 முதல் பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மன் ஆண்கள் விசுவாசப் பிரமாணம் செய்து கையெழுத்திட்ட பட்டியல்களும் இருக்கின்றன. பல ஜெர்மன் வீடுகளில் அண்ணன் தம்பி எல்லோர் பெயரும் யோஹான் என்றே தொடங்கும். கூப்பிடுகிற பெயர் இரண்டாவது.

படி 5: கடைசியில் டிஎன்ஏ

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, குடும்பப்பெயரும் அதே வழி. மருமகளுக்கு ஒய் கிடையாது, அதனால் சம்பந்திதான் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு ஸ்மித்துகளின் ஒய் பெரும்பிரிவே வேறு என்றால் தந்தைவழியில் உறவில்லை, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு. நடுவில் தத்தெடுப்பு வந்திருந்தாலும் இப்படிக் காட்டும். பொருந்தினால் பொது முப்பாட்டன் உண்டு என்று தெரியும். யார், எப்போது என்பதற்குத் திரும்பவும் அந்தத் தாளுக்குத்தான் வர வேண்டும்.

எங்கள் சம்பந்தி வீட்டிலும் அந்தக் கதை உண்டு: மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலில் வந்தார்களாம், ஒருவர் இங்கே தங்கினார், ஒருவர் தெற்கே போனார், மூன்றாமவர் மேற்கே போய்த் தொலைந்தார். அமெரிக்காவில் பாதிக் குடும்பங்கள் சொல்லும் கதை இது. பக்கத்துக் கவுண்டி ஸ்மித் ஒருவரின் டிஎன்ஏ முடிவும் சம்பந்தியுடையதும் கொஞ்சமும் ஒட்டவில்லை. மெதுவாகச் சொன்னேன். "சரி, அது தம்பி இல்லை. மேற்கே போனவனைத் தேடுங்கள்" என்றார்.