குடோன் இருப்பைக் கையடக்கக் கணினியால் எடுப்பது எப்படி? மொத்த வியாபாரிகளுக்கான செய்முறை விளக்கம்

மளிகை, சோப்பு, பிஸ்கட் போன்றவற்றை விநியோகிக்கும் ஒரு நடுத்தரக் குடோனை மனத்தில் வைத்து இந்த விளக்கம் எழுதப்படுகிறது. கையடக்கக் கணினி என்பது கைப்பேசி போன்ற ஓர் ஆண்ட்ராய்டு கருவியும் பார்கோடு ஸ்கேனரும் ஒன்றாக அமைந்த சாதனம். சாதாரணக் கைப்பேசியின் கேமராவும் பார்கோடைப் படிக்கும் என்றாலும், வெளிச்சம் குறைந்த அடுக்குகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான பெட்டிகளைப் படிக்கும்போது அது தடுமாறும். சரக்குகள் குறைவாக இருந்தால், கைப்பேசியுடன் ஒரு புளூடூத் ஸ்கேனரை இணைத்துக்கொள்வதே போதும். விலையுயர்ந்த கருவியை எடுத்த எடுப்பில் வாங்க வேண்டியதில்லை.

படி 1: பொருள் பட்டியலைச் சீர்செய்தல்

வேலையின் பெரும்பகுதி கருவியில் அல்ல, இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பார்கோடு எண், பொருளின் பெயர், எம்.ஆர்.பி., ஒரு பெட்டியில் உள்ள எண்ணிக்கை, ஹெச்.எஸ்.என். குறியீடு (ஜி.எஸ்.டி.க்கான பொருள் வகை எண்) ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் அமைத்து எக்செல்லில் பட்டியல் தயாரியுங்கள். எண்களை உள்ளிடும் முன்பே பார்கோடு பத்தியை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் எக்செல் அந்த 13 இலக்க எண்ணைச் சுருக்க வடிவில் காட்டும், அப்படியே சி.எஸ்.வி. கோப்பாக (கருவிக்கு மாற்ற உதவும் எளிய எழுத்துக் கோப்பு) சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யங்களாகிவிடும். அதன்பின் ஒரே நிறுவனத்தின் பல பொருள்கள் ஒரே எண்ணுடன் நிற்கும். கருவி எதைப் படித்தாலும் முதலில் உள்ள பொருளையே காட்டும்.

விலை மாறிய சரக்கு இன்னொரு சிக்கல். 38 ரூபாய் சோப்பும் விலையேற்றத்துக்குப் பின் வந்த 40 ரூபாய் சோப்பும் பல நேரங்களில் ஒரே பார்கோடுடன்தான் வருகின்றன. ஆகவே ஒரு பார்கோடுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எம்.ஆர்.பி.யை ஏற்று, ஸ்கேன் செய்ததும் எந்த விலை என்று கேட்கும் செயலியையே தேர்ந்தெடுங்கள். விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கருவியின் நினைவகம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு.

படி 2: பெட்டியையும் பாக்கெட்டையும் இணைத்தல்

பாக்கெட்டின் மேல் இருப்பது 13 இலக்க எண். இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனங்களுடையது 890 என்று தொடங்கும். அட்டைப்பெட்டியின் மேல் பெரும்பாலும் 14 இலக்க எண் இருக்கும். முன்னால் ஓர் இலக்கம் சேர்வதோடு கடைசியில் உள்ள சரிபார்ப்பு இலக்கமும் (பிழையைக் கண்டுபிடிக்க மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது) மாறிவிடுவதால், இரண்டும் ஒரே பொருள்தான் என்பதைக் கருவி தானாக அறியாது. பெட்டி எண்ணைப் பட்டியலில் தனி வரியாகச் சேர்த்து, ‘1 பெட்டி = 48 பாக்கெட்’ என்பதுபோல் இணைத்துவிட வேண்டும்.

படி 3: பார்கோடு இல்லாத சரக்கு

மூட்டையிலிருந்து பிரித்துக் கட்டிய பருப்பு, மிளகாய் போன்றவற்றுக்கு நீங்களே லேபிள் அச்சிடலாம். 2-இல் தொடங்கும் எண்களையே பயன்படுத்துங்கள். அவை உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை என்பதால் வேறு நிறுவனப் பொருளுடன் மோதாது.

படி 4: கருவியின் அமைப்புகள்

ஸ்கேன் முடிந்ததும் ‘என்டர்’ தானாக அழுந்தும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வைஃபை குடோனின் கடைசி மூலை வரை எட்டாது என்பதால், இணையம் இல்லாதபோதும் பதிவு செய்துவைத்துப் பிறகு அனுப்பும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

படி 5: எண்ணுதல்

எண்ணி முடிக்கும் வரை சரக்கு வரத்தையும் லோடு ஏற்றுவதையும் நிறுத்திவையுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பார்கோடு ஒட்டி, முதலில் அடுக்கையும் பிறகு சரக்கையும் ஸ்கேன் செய்தால், வித்தியாசம் வரும்போது எங்கே தேட வேண்டும் என்பது தெரியும். கணக்கில் உள்ள இருப்பு எண்ணுபவரின் திரையில் தெரியவே கூடாது. 96 என்று தெரிந்தால் 94 பாக்கெட் இருக்கும் இடத்திலும் 96 என்றே அடித்துவிட்டு நகரும் மனம் எல்லோருக்கும் உண்டு. லேபிள் கிழிந்திருந்தால் எண்ணைத் தட்டச்சு செய்யலாம். ஓர் இலக்கம் தவறினாலும், சரிபார்ப்பு இலக்கத்தைச் சோதிக்கும் செயலி அதை ஏற்காது.

படி 6: கணக்கில் ஏற்றுதல்

கோப்பைக் கணினிக்கு மாற்றியதும் வித்தியாசமுள்ள பொருள்களை மட்டும் வேறொருவரைக் கொண்டு மீண்டும் எண்ணச் செய்யுங்கள். பெட்டியைப் பாக்கெட்டாக எண்ணியது, பில் போட்டும் லோடு ஏறாதது, சேதாரத்தைத் தனியே எடுத்து வைத்தது ஆகியவையே வழக்கமான காரணங்கள். இவற்றைத் தீர்த்த பின்னரே டாலி கணக்கு மென்பொருளில் ‘ஃபிசிக்கல் ஸ்டாக்’ வவுச்சராகப் பதிவு செய்ய வேண்டும். அந்த வவுச்சரில் இடும் எண்ணிக்கையே அன்றைய இருப்பாக நிலைத்துவிடும் என்பதால், தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

முதல் முறை முழுக் குடோனையும் எண்ணிவிட்டால், அதன் பிறகு மார்ச் 31 வரை காத்திருக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் லோடு ஏறும் முன் ஓர் அடுக்கை மட்டும், வேகமாக விற்கும் சரக்கு உள்ள அடுக்கில் தொடங்கி, எண்ணி வரலாம்.