டிரெட்மில் ஓட்டம்: புதியவர்கள் வேகத்தில் செய்யும் தவறுகள்

சாலையில் ஓடும்போது களைப்பு வந்தால் கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் யோசித்து முடிவெடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. டிரெட்மில்லில் இது நடக்காது. வேகத்தை 9 (மணிக்கு 9 கிலோமீட்டர்) என்று வைத்துவிட்டால், மறுபடி பட்டனைத் தொடும்வரை பெல்ட் அதே வேகத்தில்தான் சுழலும். மேலே இருப்பவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாலும் அதற்குத் தெரியாது. ஆர்வத்தோடு தொடங்கிய பலர் இரண்டாவது வாரத்திலேயே "ஓட்டம் நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உடலில் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள் அவர்கள். எடுத்த எடுப்பிலேயே பொருந்தாத வேகத்தை வைத்துக்கொண்டதுதான் வினை.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பக்கத்து இயந்திரத்தின் திரையிலிருந்து. அவர் 10-இல் ஓடுகிறார், நாம் 8-ஆவது ஓட வேண்டாமா என்ற எண்ணம். அவர் எத்தனை ஆண்டுகளாக ஓடுகிறார் என்பது திரையில் தெரியாது. சில இயந்திரங்கள் கிலோமீட்டரில் காட்டும், சில மைலில் காட்டும் என்பதையும் கவனியுங்கள். மைல் கணக்கில் 6 என்றால் அது மணிக்கு ஏறத்தாழ 9.7 கிலோமீட்டர்; புதியவருக்கு அது கடுமையான வேகம். ஒரே அலகில் காட்டும் இரண்டு இயந்திரங்கள்கூடச் சரியாக ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. பெல்ட் தேய்ந்திருக்கலாம், அளவீடு சரிபார்க்கப்படாமல் இருக்கலாம். ஓர் இயந்திரத்தில் பழகிய எண்ணை இன்னொன்றில் அப்படியே வைக்காமல், சற்றுக் குறைவாகத் தொடங்கிப் பார்ப்பதே நல்லது.

அதிகம் பேசப்படாத ஒரு தவறு இருக்கிறது. வேகநடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எண்ணை ஏற்றி, நடையும் இல்லாத ஓட்டமும் இல்லாத ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வது. மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் மனித உடல் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகிறது. உயரம், கால்நீளம் இவற்றைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் சற்று மாறும். 6.5-இல் விடாப்பிடியாக நடப்பவரைப் பாருங்கள். இடுப்பு இருபுறமும் திருகும், அடி நீண்டு குதிகால் தொப்பென்று விழும், முன்கால் எலும்பை ஒட்டிய தசை கல்லைப்போல் இறுகும். "நடக்கும்போதே இவ்வளவு வலிக்கிறதே, ஓடினால் என்ன ஆகும்?" என்று அவர் பயப்படுவார். உண்மையில் அதே 6.5-இல் அடியைச் சுருக்கி, பாதங்களை இடுப்புக்கு நேர் கீழே வைத்து மெல்ல ஓடிப் பார்த்தால், அந்த இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

8-க்குக் கீழே ஓடினால் அது ஓட்டமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி எந்த விதியும் இல்லை. மணிக்கு 7 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம்; தொடங்குபவருக்கு அது மதிப்பான வேகம். நெடிய உருவம் கொண்ட ஒருவர் 7-இல் நடந்துவிடலாம், குள்ளமானவர் 6.3-இலேயே ஓட வேண்டிவரலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வேகத்தை மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

உங்களுக்கான வேகத்தைத் தேட ஒரு முழு நாளின் பயிற்சியை ஒதுக்குங்கள். பெல்ட்டுக்கு இருபுறமும் உள்ள நகராத விளிம்புகளில் கால் வைத்து நின்று, பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டி, பெல்ட் மெல்ல நகரத் தொடங்கிய பிறகு ஏறுங்கள். 5 நிமிடம் 5-ஐ ஒட்டிய வேகத்தில் நடை. பிறகு 6.5 அல்லது 7-இல் மெல்லோட்டம். இங்கேதான் அவசரம் கூடாது. முதல் அரை நிமிடத்தில் எந்த வேகமும் சுலபமாகவே தோன்றும். உடலின் ஆக்சிஜன் தேவையை மூச்சும் இதயமும் எட்டிப் பிடிக்க 2 முதல் 3 நிமிடம் ஆகும். "இது ஒன்றும் கஷ்டமில்லையே" என்று 40-ஆவது நொடியில் இரண்டு படி ஏற்றியவர் 4-ஆவது நிமிடத்தில் தவிப்பது இதனால்தான். ஒவ்வொரு எண்ணிலும் குறைந்தது 3 நிமிடம் இருந்துவிட்டு, சற்று நீளமான ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திணறாமல் சொல்லி முடித்தால் அந்த வேகம் உங்களுடையது. பாட்டே பாட முடிகிறது என்றால் 0.2 அல்லது 0.3 ஏற்றலாம். மூன்று நான்கு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு அறுகிறது என்றால் உடனே 0.5 இறக்குங்கள். 10-ஆவது நிமிடத்தில் இன்னொரு முறை பேசிப் பாருங்கள், ஏனென்றால் வேகம் மாறாவிட்டாலும் நேரம் போகப் போக இதயத் துடிப்பு ஏறும்.

இப்படிப் பேசிப் பார்க்காமல் இதயத் துடிப்புக் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்வதும் தவறுதான். 220-இலிருந்து வயதைக் கழித்து, நிமிடத்துக்கு உச்சத் துடிப்பு இவ்வளவு என்று சொல்லும் சூத்திரம் மக்கள் கூட்டத்தின் சராசரிக்கானது. 40 வயதுக்காரருக்கு அது 180 என்று சொல்லும். அதே வயதில் ஒருவரின் உண்மையான உச்சம் 168 ஆகவும் இன்னொருவருடையது 192 ஆகவும் இருப்பது இயல்பு. கைப்பிடியில் பதித்திருக்கும் துடிப்பு உணரிகள் ஓடும்போது தடுமாறும். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே துடிப்பைக் குறைத்துவிடும். இதயக் கோளாறு இருந்தால் வேகத்தைச் சோதிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் உடல் எடையில் ஒரு பங்கைக் கை தாங்கிக்கொள்கிறது. திரையில் 8 என்று காட்டினாலும் கால்களும் நுரையீரலும் 8-க்கான வேலையைச் செய்வதில்லை. பிடிக்காமல் ஓட முடியாத வேகம் உங்களுக்கு அதிகம்.

"வெளியில் ஓடுவதற்குச் சமமாக வேண்டுமானால் சாய்வை 1 சதவீதத்தில் வை" என்ற அறிவுரையை ஜிம்மில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜோனதன் டவுஸ்ட் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வைத் தொட்டுப் பரவிய அறிவுரை இது. அதில் ஓடியவர்கள் நல்ல பயிற்சி பெற்றவர்கள். வேகம் மணிக்கு ஏறக்குறைய 10.5 முதல் 18 கிலோமீட்டர். வெளியில் ஓடும்போது இருக்கும் காற்றின் எதிர்ப்பை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு; அந்த எதிர்ப்பு அத்தகைய வேகத்தில்தான் கணக்கில் எடுக்கும் அளவுக்கு வளர்கிறது. 7-இல் ஓடுபவர் சாய்வைச் சுழியத்திலேயே விட்டுவிடலாம்.

அறைக்குள் ஓடும்போது காற்று எதிரே வந்து மோதாததால் வியர்வை எளிதில் உலராது, உடல் சூடேறும், துடிப்பு கூடும். நேற்று சுகமாக இருந்த 7.5 இன்று புழுக்கமான அறையில் திணறடிப்பது அதனால்தான். முகத்துக்கு நேரே மின்விசிறி வையுங்கள். அது முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். தூக்கம் கெட்ட மறுநாளும் அப்படித்தான்.

நடுவில் நடப்பதை வெட்கமாக எண்ணுவது மிகவும் வருத்தமளிக்கும் தவறு. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவேதான் ஓட்டமும் நடையும் கலந்த முறையை உலகெங்கும் பரப்பியவர். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 20 நிமிடம் செய்யுங்கள். ஓய்வு வரப்போகிறதே என்று அந்த 1 நிமிடத்தில் பாய்ந்துவிட வேண்டாம். பேசக்கூடிய அதே வேகம் போதும். முடிக்கும்போது சட்டென்று நிறுத்தினால் இரத்தம் கால்களில் தங்கித் தலை கிறுகிறுக்கலாம், ஆகவே 4 அல்லது 5 நிமிடம் நடந்து இறங்குங்கள்.

வேகத்தை எப்போது ஏற்றுவது? முதலில் நேரத்தை ஏற்றுங்கள். ஓட்டப் பகுதி 1 நிமிடத்திலிருந்து 2, 3, 5 என்று வளர்ந்து, இடைவெளியில்லாமல் 20 நிமிடம் ஓட முடியும்வரை எண்ணைத் தொடாதீர்கள். அதன்பின் ஒரு நாள் அதே 7-இல் பாட்டுப் பாட முடிவதைக் கவனிப்பீர்கள். அன்று 7.2 வையுங்கள். அதிலும் 10-ஆவது நிமிடத்தில் பேச முடிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.