அச்சில் ஒன்று, அளவில் வேறு: பழைய ஸ்பீக்கர் ஜோடியின் க்ராஸ்ஓவரைச் சரிபார்ப்பது எப்படி?

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று கைக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் பேஸுக்கு ஊஃபர் ஒன்று, கீச்சொலிக்கு டுவீட்டர் ஒன்று, ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் க்ராஸ்ஓவர் போர்டு ஒன்று, அவ்வளவுதான். பாட்டுப் போட்டால் குரல் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தது. ‘ஸ’ வரும் இடங்களில் வலது பெட்டிக்கே ஓடிவிட்டது. திறந்து பார்த்தேன். டுவீட்டருக்குப் பேஸ் போகாமல் தடுக்கும் கெப்பாசிட்டர் இடது பெட்டியில் 4.7 மைக்ரோஃபாரட், வலதில் 6.8. யாரோ கையில் கிடைத்ததை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே 6.8-ஐக் கழற்றினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அதற்கு முன் என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: கோளாறு பெட்டியில்தானா?

ஆம்பை (ஆம்ப்ளிஃபயர்) மோனோவில் வையுங்கள், இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒலி போகும். மெதுவான சத்தத்தில் ஒரு பாட்டு. பிறகு ஆம்பை அணைத்துவிட்டு, பெட்டிகளை இடம் மாற்றி, வயர்களை அப்படியே விடுங்கள். சாய்வு பெட்டியோடு கூடவே போனால் கோளாறு பெட்டிக்குள். அதே பக்கத்தில் நின்றால் ஆம்ப், வயர், இல்லையென்றால் அறையின் சுவர். ஆம்ப் ஓடும்போது வயரைக் கழற்ற வேண்டாம். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் ஆம்ப் போய்விடலாம்.

படி 2: திறப்பது

பெட்டியை மல்லாத்திப் படுக்க வைத்து ஊஃபர் திருகுகளைக் கழற்றுங்கள். ஒரு கையை கூம்பின் மேல் குடைபோலப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊஃபரின் காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும். நொடியில் கூம்பில் ஓட்டை. வயரைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், இரண்டு பெட்டியிலும். டுவீட்டரின் பிளஸ், மைனஸ் தலைகீழாக இருந்தால் உடனே ‘சரி’ செய்துவிடாதீர்கள். பல க்ராஸ்ஓவர்களில் வேண்டுமென்றே அப்படித்தான் இணைப்பார்கள். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே நமக்கு முக்கியம்.

படி 3: இரண்டு போர்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பழைய ஈயம் மங்கியிருக்கும், சுற்றிலும் பழுப்பாக ஃபிளக்ஸ் கறை. ஒரு இடத்தில் மட்டும் பளபளவென்று குண்டாக ஈயம் இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். சிமென்ட் ரெசிஸ்டரில் 2ஆர்2 என்று இருந்தால் 2.2 ஓம். மதிப்புக்குப் பின்னால் வரும் எழுத்து ஜே என்றால் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், கே என்றால் 10, எம் என்றால் 20.

போர்டோடு நிறுத்தாமல் டுவீட்டரின் பின்பக்கத்தையும் பாருங்கள். நான் இதைத்தான் விட்டுவிட்டேன். இடது டுவீட்டர் 8 ஓம். வலது டுவீட்டர் பின்னால் மாற்றியது, 6 ஓம். மல்டிமீட்டரில் வைத்தால் இந்த எண்கள் அப்படியே வராது. 8 ஓம் டுவீட்டர் 6 பக்கமாகக் காட்டும்.

படி 4: கணக்கு

டுவீட்டருக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டர் மட்டும் என்றால், 1,59,000-ஐ (ஓம் × மைக்ரோஃபாரட்) ஆல் வகுத்தால் பிரியும் அலைவரிசை ஹெர்ட்ஸில் கிடைக்கும். அதற்கு மேலே உள்ள ஒலிதான் டுவீட்டருக்கு முழுதாகப் போகும்; எண் ஏறினால் டுவீட்டர் மங்கும். 8 ஓமுக்கு 4.7 என்றால் சுமார் 4,230. 6 ஓமுக்கு 6.8 என்றால் சுமார் 3,900. ஆக, நான் திட்டிய ஆள் கணக்குத் தெரிந்தவர். அவருடைய 6.8-ஐ எடுத்துவிட்டு 4.7 போட்டிருந்தால் 5,600-க்கு மேலே போயிருக்கும். கெப்பாசிட்டரோடு காயிலும் (கம்பிச் சுருள்) இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

படி 5: கழற்றி அளப்பது

கெப்பாசிட்டரின் ஒரு காலையாவது போர்டிலிருந்து தூக்கிவிட்டு அளக்க வேண்டும். இரண்டு காலும் போர்டில் இருந்தால் பக்கத்துக் காயில், டுவீட்டர் எல்லாம் சேர்ந்து மீட்டரைக் குழப்பும். என் 6.8, மீட்டரில் 6.7 காட்டியது. இடது பெட்டியின் 4.7-ஐ அளந்தேன்: 3.2! ஓட்டையில்லை, வீக்கமில்லை, அச்சும் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே மட்டும் காய்ந்துபோயிருக்கிறது. கணக்கில் போட்டால் 6,200 ஹெர்ட்ஸ். வலது கூடவில்லை, இடது மங்கிப்போயிருக்கிறது. உள்ளே திரவம் உள்ள பழைய எலக்ட்ரோலிட்டிக் வகை கெப்பாசிட்டர் இப்படித்தான், மதிப்பு இறங்கும், சிலது ஏறவும் ஏறும். காயில் சாதாரணமாகக் கெடாது; இரண்டு பெட்டியிலும் ஒரே ஓம் காட்டினால் போதும்.

படி 6: மாற்றுவது

ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள். வாங்கியதும் அளந்து பார்த்து, மதிப்பு ஒட்டி வருவதைப் போடுங்கள். ரேடியோ போர்டில் வரும், பிளஸ்-மைனஸ் குறித்த சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இங்கே ஆகாது. துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக்கோ பிளாஸ்டிக் ஃபிலிம் வகையோதான் வேண்டும். சரியான மதிப்பு கிடைக்காவிட்டால் இரண்டைப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைக்கலாம், மதிப்புகள் கூடும்: 3.3-உம் 1.5-உம் சேர்ந்தால் 4.8.

ஃபிலிம் போட்டால் டுவீட்டர் சற்று தூக்கலாகக் கேட்கலாம். பழைய கெப்பாசிட்டருக்குள்ளேயே கொஞ்சம் தடை இருந்தது, ஃபிலிமில் அது கிட்டத்தட்ட இல்லை. காதை உறுத்தினால் 0.5 அல்லது 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேருங்கள். கெப்பாசிட்டர் இல்லாமல் டுவீட்டரை மட்டும் ஆம்பில் மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம், பேஸ் போய் அதைப் பொசுக்கிவிடும்.

படி 7: ஒப்பிடுவது

பாட்டைவிட பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த ‘ஷ்ஷ்’ இரைச்சல்) நல்லது. ஒரு பெட்டியை ஓரிடத்தில் வைத்து, டுவீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி போனை நிறுத்தி, எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப்பில் படம் எடுங்கள். பெட்டியை எடுத்துவிட்டு மற்றதை அச்சு அசலாக அதே இடத்தில் வையுங்கள். போன் மைக் துல்லியமில்லை என்பது இங்கே பிரச்சினையில்லை. இரண்டுக்கும் ஒரே மைக் என்பதால் வித்தியாசம் உண்மையானதே.

என் ஜோடியில் 5,000 ஹெர்ட்ஸ் வரை கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அதற்கு மேல் இன்னும் லேசாகப் பிரிகின்றன. டுவீட்டரே வேறு வேறாக இருக்கும்போது கெப்பாசிட்டர் என்ன செய்யும்? இடது டுவீட்டரின் ஜோடி கிடைக்கும்வரை இப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். குரல் நடுவுக்கு வந்துவிட்டது.