டஸ்கனியின் மலை ஊர்களையும் வைன் தோட்டங்களையும் காரில் சுற்றுவது எப்படி?

இத்தாலிப் பயணம் முடிந்து ஏழு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. சியனா நகருக்குள் நான் கார் ஓட்டிய தேதி, நேரம், தெருப் பெயர், கார் எண், கட்டவேண்டிய அபராதம் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு நாள் கழித்து அதேபோல் இன்னொன்று. இதற்கெல்லாம் முன்பே வாடகைக்குக் கார் தந்த நிறுவனம், என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கான கட்டணம் என்று கிரெடிட் கார்டில் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டது. அடுத்த தடவை போனபோது எல்லாவற்றையும் மாற்றிச் செய்தோம், அபராதம் வரவில்லை, பயணமும் அத்தனை நிம்மதியாக இருந்தது. அந்த இரண்டாவது பயணத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விசா, விமான டிக்கெட் விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஃபுளோரன்ஸில் கார் எடுக்காதீர்கள்

ஃபுளோரன்ஸ் முழுக்க நடந்தே பார்க்கிற ஊர், அங்கே கார் வெறும் பாரம். ஊரைப் பார்த்து முடித்துவிட்டு, சான்டா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்கு அருகே டி2 டிராம் பிடித்தால் இருபது நிமிடத்தில் விமான நிலையம். காரை அங்கே எடுங்கள். பழைய நகரத்துக்குள் நுழையாமலே வெளியே போய்விடலாம்.

சின்னக் காராகக் கேளுங்கள், ஃபியட் பாண்டா அளவு போதும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அங்கே வலப்பக்கம், கியரும் வலது கையில். அதனால் காசு கொஞ்சம் கூடினாலும் ஆட்டோமேட்டிக் வண்டிதான் என் சிபாரிசு. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் வேண்டும், கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 2: இசட்.டி.எல். – இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

'சோனா அ திராஃபிகோ லிமிதாதோ', அதாவது போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. இத்தாலியின் பழைய ஊர்களில் மதிலுக்கு உள்ளே பெரும்பாலும் இந்தப் பகுதிதான். அங்கே வசிப்பவர்களும் அனுமதி வாங்கியவர்களும் மட்டுமே வண்டி கொண்டுபோகலாம். தடுப்புக் கட்டை கிடையாது, நிறுத்திக் கேட்க போலீசும் கிடையாது. கம்பத்தில் ஒரு கேமரா, அவ்வளவுதான். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை, அதன் கீழே நேரங்கள்.

நான் ஏமாந்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மாலை ஆறு மணி இருக்கும், தூறல். போனில் ஹோட்டல் பெயரைப் போட்டிருந்தேன், அது 'இடப்பக்கம் திரும்பு' என்றது. தெரு முனையில் ஒரு மின்பலகை: 'வார்கோ அத்திவோ'. வார்கோ என்றால் வழி, அத்திவோ என்றால் இயங்குகிறது. சரி, வழி திறந்திருக்கிறது போல என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். உண்மையில் அதன் பொருள் நேர் எதிர்: கேமரா இயங்குகிறது, அனுமதி இல்லாதவர்கள் நுழையக்கூடாது. 'வார்கோ நோன் அத்திவோ' என்று இருந்தால்தான் போகலாம். பெட்டியை இறக்கிவிட்டு வெளியே போனவன், மறந்துவைத்த பையை எடுக்க மறுபடி உள்ளே வந்தேன். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம் என்பதால்தான் இரண்டு உறைகள்.

தப்பிக்க நான் இப்போது செய்வது இதுதான். வரைபடச் செயலியில் ஒருபோதும் ஹோட்டல் பெயரைப் போடுவதில்லை, மதிலுக்கு வெளியே உள்ள வாகன நிறுத்துமிடத்தின் பெயரைத்தான் போடுகிறேன். சியனாவில் சான்டா கத்தரீனா நிறுத்துமிடம் எனக்குப் பிடித்தது, அங்கிருந்து நகரும் படிக்கட்டுகள் உங்களை மேலே பேராலயத்தின் பக்கம் கொண்டுபோய் விடும். ஹோட்டல் மதிலுக்குள் இருந்து, பெட்டிகள் கனமாக இருந்தால், முன்கூட்டியே கார் எண்ணைக் கேட்டுப் பதிவு செய்து தர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தால் மட்டும் உள்ளே போங்கள்.

கோடுகளின் நிறத்தையும் மனதில் வையுங்கள்: வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு உங்களுக்கு இல்லை.

படி 3: முதலில் சியனாவில் ஒரு படத்தைப் பாருங்கள்

சியனாவின் பெரிய சதுக்கமான காம்போ, சிப்பி விரித்தது போல ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். செங்கல் தளத்தை ஒன்பது பிரிவாகப் பிரித்திருப்பது, 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட 'ஒன்பதின்மர்' அவையை நினைவூட்ட. ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் இங்கே பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடலாம்.

சதுக்கத்தில் உள்ள நகர மன்றக் கட்டடத்துக்குள் அம்ப்ரோஜோ லொரென்சேத்தி 1338–39-இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது: நல்ல ஆட்சியில் ஊரும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பது. நடுவில் ஊர் மதில். ஒரு பக்கம் கடை, கட்டட வேலை, நடனம். மறுபக்கம் வாசல் வழியாகக் குதிரையிலும் கழுதையிலும் போகிறவர்கள், உழவர்கள், குன்றுகளில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். இதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் காரில் கிளம்பினால், கிட்டத்தட்ட அதே குன்றுகள் கண்ணாடிக்கு வெளியே வரும். எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகப் பிடித்த நேரம் அதுதான், நீங்களும் இந்த வரிசையை மாற்றவேண்டாம்.

படி 4: வைன் ஊர்கள், ஒரு நாளைக்கு ஒன்று

நாலு ஊரை ஒரே நாளில் அடைக்கிற திட்டம் வேண்டவே வேண்டாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று, மூன்றரை வரை சின்ன ஊர்களில் பல கடைகள் சாத்தியிருக்கும்.

கியான்டி: ஃபுளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் இடையே உள்ள குன்றுப் பகுதி. இரண்டையும் இணைக்கும் 222 எண் சாலை, கியான்டிஜானா. வளைவுகள் அதிகம், வேகம் கூடாது. போத்தல் கழுத்தில் கருப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கியான்டி கிளாசிகோ, அதில் குறைந்தது 80 சதவீதம் சான்ஜோவேசே திராட்சை. சேவலுக்கு ஒரு கதை சொல்வார்கள். எல்லைத் தகராறைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரு ஊர்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்புவது, சந்திக்கும் இடம் எல்லை என்று முடிவாயிற்று. சியனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறாரப் போட்டார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் கருப்புச் சேவலைப் பட்டினி போட, அது விடியும் முன்பே கூவிவிட்டது. அதனால் எல்லை சியனாவுக்குப் பக்கத்திலேயே அமைந்ததாம்.

மோன்டால்சினோ: இந்த ஊரின் வைனான ப்ரூனெல்லோ முழுக்கச் சான்ஜோவேசே திராட்சையில் செய்வது. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும், அதாவது 2020-இல் பறித்தது 2025-இல். விலையும் அதற்கேற்ப. அதே திராட்சையில் செய்து சீக்கிரம் விற்பனைக்கு வரும் ரோசோ தி மோன்டால்சினோவை முதலில் சுவையுங்கள், என் கணக்கில் சாப்பாட்டோடு அதுதான் பொருத்தம்.

மோன்டெபுல்சானோ: எனக்கு மிகவும் நெருக்கமான ஊர். கீழ்வாசலில் காரை விட்டுவிட்டு ஒரே தெருவில் ஏறிக்கொண்டே போகவேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக வாருங்கள். வீடுகளுக்கு அடியில் பாதாளக் கிடங்குகள். படி இறங்க இறங்கக் குளிர் ஏறும், ஈர மண்ணும் ஓக் மரமும் புளித்த பழமும் கலந்த வாசனை, ஆள் உயரத்தைத் தாண்டிய பீப்பாய்கள், செங்கல் வளைவுகளில் நீர் கோத்து நிற்கும். சிலவற்றில் முன்பதிவு இல்லாமலே இறங்கிப் பார்க்கலாம். இந்த ஊரின் வைன் வீனோ நோபிலே. கடையில் 'மோன்டெபுல்சானோ தாப்ரூத்சோ' என்று இருந்தால் அது வேறு: அப்ரூத்சோ மாநிலத்தில் விளையும், மோன்டெபுல்சானோ என்றே பெயர்கொண்ட ஒரு திராட்சை.

ஓட்டுபவர் சுவைக்கக்கூடாது. சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்றாண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். நானும் மனைவியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறிக்கொண்டோம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், அது மரியாதைக் குறைவு அல்ல.

ஊருக்குக் கொண்டுவருவதானால், இந்தியச் சுங்கத்தில் தலைக்கு இரண்டு லிட்டர் வரை வரி இல்லை. அதாவது 750 மில்லி போத்தல் இரண்டு, துணிக்குள் சுருட்டிச் சரக்குப் பெட்டியில்.

பின்னர் சேர்த்தது

சைவம் கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. கையால் உருட்டிய தடித்த பீச்சி பாஸ்தா, தக்காளியும் பெரிய பூண்டும் சேர்த்த 'அல்யோனே' சாற்றோடு. பிறகு பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் சேர்த்து வேகவைத்த ரிபோல்லீத்தா. இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்கவேண்டாம்.

அபராதம் வந்துவிட்டவர்களுக்கு: கடிதம் கைக்கு வந்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். உறையைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

கார் ஓட்டாமல் போக முடியுமா என்பதுதான் அதிகம் வந்த கேள்வி. முடியும், சியனாவிலிருந்து பேருந்து உண்டு. ஆனால் ஒரு வாசகி ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்ததாக எழுதிய பிறகு இதைச் சேர்க்கிறேன். அட்டவணையில் 'ஃபெரியாலே' என்றால் திங்கள் முதல் சனி வரை, 'ஃபெஸ்திவோ' என்றால் ஞாயிறும் விடுமுறை நாட்களும், 'ஸ்கோலாஸ்திகோ' என்றால் பள்ளி நடக்கும் நாட்கள் மட்டும். ஞாயிறன்று பேருந்துகள் மிகக் குறைவு, அன்று சியனாவிலேயே இருந்துவிடுங்கள். மோன்டெபுல்சானோவுக்கு ரயிலில் வருபவர்கள் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்காதீர்கள், அங்கிருந்து ஊர் ரொம்பத் தூரம். கியூசி நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடியுங்கள்.