பன்மொழித் தளத்தின் இணைப்புகளில் மொழி முன்னொட்டைக் கையாளும் முறை

ஒரே தளத்தைப் பல மொழிகளில் நடத்தும்போது, முகவரியில் தளப்பெயரை அடுத்து வரும் 'டிஏ' (தமிழ்), 'இஎன்' (ஆங்கிலம்) போன்ற மொழிக்குறியையே முன்னொட்டு என்கிறோம். தமிழ்ப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவர் ஓர் இணைப்பைச் சொடுக்கியதும் ஆங்கிலப் பக்கத்தில் போய் நிற்கிறார் என்றால், பெரும்பாலும் யாரோ அந்தக் குறியைக் கையால் இட்டிருப்பார்கள், அல்லது இட மறந்திருப்பார்கள். ஆகவே, உள்ளடக்கம் எழுதுபவர் எவரும் மொழிக்குறியைத் தட்டச்சு செய்யாதபடி தளத்தை அமைப்பதே முதல் வேலை. இணைப்புகளை முன்னொட்டு இல்லாமலே சேமித்துவிட்டு, பக்கம் வெளிவரும் நேரத்தில் நடப்பு மொழிக்கேற்ற குறியைச் சேர்க்கும் பொறுப்பை ஒரேயொரு ஃபங்ஷனிடம் (குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டிடம்) ஒப்படைக்க வேண்டும்.

குறிகளை, மொழிகளுக்கான ஈரெழுத்துக் குறிகளைத் தரும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 639-1 பட்டியலிலிருந்து எடுங்கள். அவை மொழிக்குரியவை, நாட்டுக்குரியவை அல்ல. ஜப்பானிய மொழியின் குறி 'ஜேஏ'. 'ஜேபி' என்பது நாட்டுக்குறி. 'யுகே' என்று இட்டால் அது பிரிட்டனைக் குறிக்காது, உக்ரைனிய மொழியைக் குறிக்கும். முதன்மை மொழிக்கு முன்னொட்டு வேண்டுமா என்ற கேள்விக்கு இரு வழிகளும் நடைமுறையில் உள்ளன என்றாலும், புதிய தளமாக இருந்தால் எல்லா மொழிகளுக்கும் இடுவதே நல்லது என்பேன். விதிவிலக்கு இல்லாத இடத்தில் பிழையும் குறைவு.

சார்பு இணைப்பு (முழு முகவரி இல்லாமல், நடப்புப் பக்கத்தை வைத்து உலாவி விரித்துக்கொள்ளும் இணைப்பு) போட்டால் முன்னொட்டு தானாகவே தொடரும் என்று நம்பிவிட வேண்டாம். '/டிஏ/நூல்கள்/' என்னும் பக்கத்தில் வெறுமனே 'தொடர்பு' என்று இணைப்புக் கொடுத்தால், உலாவி அதை '/டிஏ/நூல்கள்/தொடர்பு' என்று விரிக்கும். அதே பக்கம் கடைசிச் சாய்கோடு இல்லாமல் '/டிஏ/நூல்கள்' என்று திறக்கப்பட்டிருந்தால், அதே இணைப்பு '/டிஏ/தொடர்பு' ஆகிவிடும். சாய்கோட்டில் தொடங்கி '/தொடர்பு' என்று எழுதினாலோ முன்னொட்டே உதிர்ந்துபோகும். பக்கத்தின் தலைப்பகுதியில், சார்பு இணைப்புகளுக்கான அடிப்படை முகவரியை அறிவிக்கும் 'பேஸ்' டேகை வைத்து இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் உண்டு. ஆனால் பக்கத்துக்குள்ளேயே தாவும் ஹேஷ் (#) இணைப்புகளும் அந்த அடிப்படை முகவரிக்கே போய்விடும் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபங்ஷன் செய்ய வேண்டிய சோதனையில் கவனம் தேவை. முகவரி ஏற்கெனவே முன்னொட்டோடு வந்தால் மறுபடி சேர்த்து '/டிஏ/டிஏ/' ஆக்கிவிடக் கூடாது. அதற்காக முதல் இரண்டு எழுத்தை மட்டும் ஒப்பிட்டாலும் தவறு நேரும். ஆங்கில எழுத்தில் 'என்கொயரி' என்ற பக்கப் பெயரும் 'இஎன்' என்றுதான் தொடங்குகிறது. முகவரியைச் சாய்கோடுகளில் பிரித்து, முதல் பகுதி முழுவதும் மொழிப் பட்டியலில் உள்ள ஒரு குறிக்குச் சமமா என்று பார்க்க வேண்டும். படங்கள், ஸ்டைல் கோப்புகள், பதிவிறக்கங்கள், மின்னஞ்சல் மற்றும் தொலைபேசி இணைப்புகள், வெளித்தள முகவரிகள், ஹேஷில் தொடங்குபவை ஆகியவற்றை அது தொடவே கூடாது.

மொழி மாற்றும் பொத்தான் வாசகரை முகப்புக்குத் துரத்தாமல், அவர் படிக்கும் அதே பக்கத்தின் மற்ற மொழி வடிவத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பக்கப் பெயர்களும் மொழிபெயர்க்கப்பட்டிருந்தால் முன்னொட்டை மட்டும் மாற்றினால் போதாது; ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத உள் அடையாளம் ஒன்றை வைத்து, அதன்வழி இணை முகவரியைக் கண்டறிய வேண்டும். கேள்விக்குறிக்குப் பின் வரும் தேடல் விவரங்களையும் அப்படியே கொண்டு செல்லுங்கள். மொழிபெயர்ப்பு இன்னும் வராத பக்கம் என்றால், அந்த மொழியை அங்கே காட்டாமல் விடுவதே நேர்மை.

ஒரு பக்கத்தின் பிறமொழி வடிவங்கள் எங்கே உள்ளன என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் 'ஹெச்ரெஃப்லாங்' குறிப்புகளில் முழு முகவரி இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பக்கமும் தன்னையும் தன் இணைகளையும் சுட்ட வேண்டும். ஒருவழிச் சுட்டல் கணக்கில் வராது. 'கனானிக்கல்' முகவரி, அதாவது இதுவே மூல முகவரி என்று தேடுபொறிக்கு அறிவிப்பது, அந்தந்த மொழிப் பக்கத்தையே காட்டட்டும். எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்குத் திருப்பினால் தமிழ்ப் பக்கங்கள் தேடலில் காணாமல் போகலாம்.

உலாவியின் மொழி விருப்பத்தைப் பார்த்துத் திருப்பிவிடுவதை முன்னொட்டு இல்லாத முகப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் தற்காலிகத் திருப்பலைக் குறிக்கும் 302 என்ற சர்வர் குறியீடு போதும். நிரந்தரத் திருப்பலுக்கான 301 கொடுத்தால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு, விருப்பம் மாறிய பின்னும் பழைய மொழிக்கே கொண்டுபோகும். ஒருவர் தமிழ் முகவரியைக் கேட்டு வந்தால் தமிழையே தர வேண்டும். முன்னொட்டு முறையையே மாற்றும் நாளில்தான் 301 தேவைப்படும்: பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதன் புதிய முகவரிக்கு நேராகத் திருப்புங்கள்.

வெளியிடும் முன், இணைப்புச் சோதனைக் கருவியை '/டிஏ/' பக்கத்திலிருந்து ஓடவிட்டு, மொழிப் பொத்தான் நீங்கலாக வேறு மொழிக்குப் போகும் இணைப்புகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். அவற்றுள் மொழிபெயர்ப்பு இல்லாததால் தெரிந்தே கொடுத்தவை தவிர, எஞ்சியவை பெரும்பாலும் அந்த ஃபங்ஷன் வழியாக வராமல் வார்ப்புருவில் நேரடியாக எழுதப்பட்டவையாக இருக்கும். அங்கேயே போய்த் திருத்துங்கள்.