ஜப்பானிய கோல்கீப்பரின் ஆட்ட வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் எழுத்துப்பிழை, பிறந்த தேதி மாறிப்போவது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். அவற்றை விட்டுவிடுவோம். ஜப்பானின் தொழில்முறை கால்பந்துத் தொடரான ஜே லீக் பற்றி எழுத வரும் புதியவர்கள், முன்கள ஆட்டக்காரரை அளக்கும் அதே அளவுகோலால் கோல்கீப்பரையும் அளப்பதால் வரும் தவறுகள்தான் இங்கே முக்கியம்.

ஆட்டம் குறைந்த ஆண்டை வீணான ஆண்டு என்று எழுதுவது

எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி முளைக்கும் தவறு இது. கவாஷிமா எய்ஜியின் கணக்கைப் பாருங்கள். ஒமியா அர்டிஜா கிளப்பில் தொடங்கி, 2004 முதல் 2006 வரை நகோயா கிராம்பஸில் இருந்தார். லீக் ஆட்டங்கள் மிகக் குறைவு. உடனே "நகோயாவில் சோபிக்கவில்லை, 2007இல் கவாசாகி ஃப்ரொன்டாலேவுக்குப் போன பிறகே தேறினார்" என்று எழுதிவிடுகிறார்கள்.

நகோயாவின் கோல் வாயில் அப்போது நின்றவர் யார் என்று பார்ப்பதே இல்லை. நின்றவர் நராஸாகி செய்கோ. 2002 உலகக் கோப்பையில் ஜப்பான் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் கோல் காத்தவர். ஓய்வு பெறும்போது ஜே லீக்கின் முதல் பிரிவான ஜே1இல் அவர் கணக்கு 631 ஆட்டங்கள். 21 வயதில் அங்கே போனவர் பெஞ்சில் உட்காராமல் வேறெங்கே உட்காருவார்?

மற்ற ஆட்டக்காரருக்கு 70ஆவது நிமிடத்தில் இறங்கவோ, இடம் மாறி வேறு நிலையில் ஆடவோ வழி உண்டு. கோல்கீப்பருக்குக் கிடைத்தால் 90 நிமிடம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஜே லீக்கில் நீண்ட காலம் இருந்த ஒப்பந்த முறையே இந்த வித்தியாசத்தைக் காட்டும். அதில் புதியவர், சம்பள வரம்பு குறைவான சி ஒப்பந்தத்தில் நுழைவார். ஜே1இல் 450 நிமிடம் ஆடியபின் ஏ ஒப்பந்தத்துக்கு உயரலாம். ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்று கடைசியில் இறங்கும் முன்கள வீரர்கூட ஒரு சீசனில் அதைச் சேர்த்துவிடலாம். கோல்கீப்பருக்கு 450 நிமிடம் என்றால் ஐந்து முழு ஆட்டம். அந்த ஐந்துக்கு முதல் கோல்கீப்பர் காயப்படவோ பயிற்சியாளரின் நம்பிக்கையை இழக்கவோ வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சீசனுக்கும் மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில், அந்த அணியின் முதல் கோல்கீப்பர் பெயரும் அவர் ஆடிய ஆட்டங்களும். அடுத்து, நம் ஆள் ஆடாததற்குக் காரணம்: காத்திருப்பா, காயமா, இடம் பறிபோனதா. கடைசியாக, அடுத்த இரண்டு சீசன்களில் என்ன நடந்தது. இவை இல்லாமல் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஆட்டக் கணக்கில் விழும் எல்லாச் சுழியும் (பூஜ்ஜியமும்) ஒன்றல்ல என்பது அப்போது தெரியும். 2001 அக்டோபரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்குப் போன கவாகுச்சி யோஷிகாட்சுவுக்கு முதலில் இடம் கிடைத்தது. சில மாதங்களில் பறிபோனது. அதைப் பின்னடைவு என்றே எழுதலாம். கவாஷிமா 2018இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சேர்ந்தபோது மூன்றாம் கோல்கீப்பர். 2020இல் அங்கே முதல் கோல்கீப்பரான மாட்ஸ் செல்ஸுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. 37 வயதில் கவாஷிமா அந்த சீசனில் 20க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களில் ஆடினார். முந்தைய சுழிகளை "அந்திமக் காலம்" என்று எழுதியவர்கள் பிறகு பத்தியையே அழிக்க வேண்டியதாயிற்று.

சுழிகூட இல்லாத காலமும் உண்டு. 2015 கோடையில் பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜை விட்டபின் ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைடெட்டில் சேரும்வரை ஏறத்தாழ அரை ஆண்டு கவாஷிமாவுக்குக் கிளப்பே இல்லை. அட்டவணையில் அதற்கு வரி இருக்காது. 2018 உலகக் கோப்பையின் முதல் கோல்கீப்பர் அந்த இடைவெளியைத் தாண்டி வந்தவர்.

தேசிய அணி இடம் போனால் சரிவு என்பது

2010 உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு நராஸாகியின் இடம் கவாஷிமாவுக்குப் போனது. அதே ஆண்டு நகோயா ஜே1 பட்டம் வென்றது. லீக்கின் சிறந்த வீரர் விருது நராஸாகிக்கு. அதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான்.

மொத்த ஆட்ட எண்ணிக்கையைப் பார்க்காதது

1995இல் ஜே லீக்கில் ஓர் அணிக்கு 52 ஆட்டங்கள். 1996இல் 30. இது தெரியாமல் "அடுத்த ஆண்டே வாய்ப்புக் குறைந்தது" என்று எழுதினால் அபத்தம். 18 அணிகளோடு, இரு கட்டமாகப் பிரிக்காமல் நடந்த 2005இல் 34. 20 அணிகளான 2024இல் 38. ஆடியதையும் மொத்தத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஜனவரி 1 கோப்பை

ஜப்பானின் நாக்-அவுட் போட்டியான பேரரசர் கோப்பையின் இறுதி ஆட்டம் பல ஆண்டுகள் புத்தாண்டு அன்றுதான் நடந்தது. தேதி புது ஆண்டு, கோப்பை பழைய சீசனுக்குரியது. நராஸாகி யோகோஹாமா ஃப்ளூகல்ஸுக்காக ஆடிய கடைசி ஆட்டம் 1999 ஜனவரி 1இல் சிமிசு எஸ்-பல்ஸுக்கு எதிரானது. 2–1 வெற்றி, அத்தோடு அந்தக் கிளப்பே யோகோஹாமா மரினோஸ் கிளப்போடு இணைந்து மறைந்தது. இதை 1999 சீசன் என்று போட்டால், இல்லாத கிளப்புக்குக் கோப்பை கொடுத்ததாகும். அடுத்து அவர் போன நகோயாவின் கணக்கில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒலிம்பிக் ஆட்டங்களைத் தேசிய அணிக் கணக்கில் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரேசிலை 1–0 என்று வென்ற மயாமி ஆட்டம் கவாகுச்சியின் புகழ்பெற்ற ஆட்டம்தான். ஆனால் அவருடைய 116 தேசிய அணி ஆட்டங்களில் அது இல்லை. அந்தக் கணக்கு 1997இல் தொடங்குகிறது.

சீசன் ஆண்டு

ஜே லீக் 2025 வரை வசந்தத்தில் தொடங்கி ஆண்டிறுதியில் முடிந்தது. ஐரோப்பாவில் கோடைக்குப் பின் தொடங்கும். கவாஷிமாவுக்கு 2010இல் இரண்டு வரி வேண்டும்: கவாசாகிக்கு 2010, பெல்ஜியத்தின் லியர்ஸுக்கு 2010–11. 2026 ஆகஸ்ட் முதல் ஜே லீக்கும் ஐரோப்பிய வரிசைக்கு மாறுவதால், அதற்கு முன்பின் வரிகளை ஒரே வடிவில் எழுத முடியாது.

கவாகுச்சி, கவாஷிமா

ஒருவரை மற்றவராக எழுதிவிடாதீர்கள். இருவரும் ஜூபிலோ இவாதாவில் ஆடியவர்கள். 2005–2013 கவாகுச்சி, 2024இல் வந்தவர் கவாஷிமா.

ஒப்பந்தம் முடிந்ததை ஓய்வு என்று எழுதுவது

சீசன் இறுதியில் கிளப்புகள் வெளியிடும் பட்டியலில் பெயர் வந்தால், ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்பதே பொருள். வீரரே அறிவிக்கும்வரை பொறுங்கள். 2013இல் இவாதாவை விட்ட கவாகுச்சி, எஃப்சி கிஃபுவில் இரண்டு சீசன், பிறகு மூன்றாம் பிரிவான ஜே3இல் எஸ்சி சகாமிஹாராவில் மூன்று சீசன் இருந்து, 2018இல் 43 வயதில்தான் ஓய்வு பெற்றார்.