உரசலைச் சரிசெய்யாதீர்கள்: பால்கன் பல்குரல் பாட்டில் நேரும் தவறுகள்

பல்கேரியாவின் மேற்கிலும் அல்பேனியாவின் தெற்கிலும் ஊர்மக்கள் பாடும் பல்குரல் பாட்டை, அதாவது ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்கள் ஒலிக்கும் பாட்டை, புதிதாகப் பழகும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. இரண்டு குரல்கள் உரசும்போது சுருதி விலகிவிட்டது என்று பயந்து, ஒருவர் தன் குரலை நகர்த்திவிடுவார்.

சோஃபியாவைச் சுற்றியுள்ள ஷோப் வட்டாரத்தில் அந்த உரசலுக்காகத்தான் பாட்டே. ஒரு குரல் ச-வைப் பிடித்து நிற்கும். இன்னொன்று ரி-க்கு வந்து அங்கேயே தங்கும். கீழ்க்குரல் 220 ஹெர்ட்ஸ் என்றால் மேல்குரல் ஏறக்குறைய 247. இடையில் உள்ள 27-தான் காதில் கரகரவென்று அதிர்கிறது. மணி அடித்து ஓயும்போது கேட்கும் ரீங்காரத்துக்கு அது நெருக்கம். ரி-யைக் க-வாக உயர்த்தினால் கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் ஷோப் பாட்டு அதில் இருக்காது. இதைப் பழக, இருவர் ஒரு முழ இடைவெளியில் எதிரெதிரே நின்று ஒரே ச-வில் தொடங்குங்கள். ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் மெல்ல ரி-க்கு வழுக்கி 10 நொடி நிற்க வேண்டும். குரலை ஆட்டினால் கரகரப்பு கலைந்துவிடும். கமகத்தில் ஊறிய தொண்டைக்கு இதுதான் கஷ்டம்.

அடுத்தது, கத்துவது. பதிவுகளில் குரல் கூர்மையாகக் கேட்பதால் தொண்டையை இறுக்கிக்கொள்கிறார்கள். கால்மணி நேரத்தில் குரல் கம்மிவிடும். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடும் குரல் போதும். நெஞ்சுக்குரல், பேசும் உயரம், திறந்த வாய். வரி முடிவில் குரல் சட்டென்று மேலே தாவி அறுபடும் இடத்தை மட்டும் இழுக்காமல், வெட்டி விடுங்கள்.

அல்பேனியாவில் பிசகு வேறு மாதிரி. அங்கே அடித்தளமாக ஒலிக்கும் நீள்சுரத்தை ஈசோ என்பார்கள். தம்பூரா பழக்கத்தில் அதை முதலில் தொடங்கிவிடாதீர்கள். முதலில் தனியே எடுப்பவர் மர்ரஸ். சுருதியை வைப்பதும் அவரே. பிறகு க்தூயெஸ், அதாவது திருப்பிக் கொடுப்பவர், பதில் சொல்வார். அதன் பின்னரே ஈசோ சேரும். இந்த முன்குரல்களுக்கு ஆளுக்கு ஒருவர்தான். கூட்டம் எல்லாம் ஈசோவுக்கு. எட்டுப் பேர் இருந்தால் நான்கு பேரை மெட்டுக்கு நிறுத்துவது வீண். இரண்டு முன்குரல், ஆறு ஈசோ என்று பிரியுங்கள்.

ஈசோவில் மூச்சுதான் சிக்கல். எல்லோரும் வரி முடிவில் மூச்சு வாங்கினால் அங்கே ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள். வரியின் நடுவில் ஒலியைத் தேயவிட்டு நழுவி, அதே மென்மையோடு திரும்ப நுழையுங்கள். நெருங்கி அரைவட்டமாக நின்றால் இது தானாகவே வரும். ஆளுக்கொரு மைக் வைத்துத் தள்ளி நிறுத்தினால் வராது.

இன்னொரு கலப்படம்: தெற்கு அல்பேனியாவின் இரு பிரிவினரான டோஸ்க் மக்களின் ஈசோவையும் லாப் மக்களின் ஈசோவையும் ஒன்றாக்குவது. டோஸ்க் பாட்டில் 'எ' என்ற ஒலி இடைவிடாமல் ஓடும். லாப் பாட்டில் ஈசோ சில வேளை பாட்டின் சொற்களையே தாளத்தோடு சொல்லும். ஹெதஸ் என்ற நான்காம் குரலும் வரலாம். யுனெஸ்கோ 2008-இல் பட்டியலில் சேர்த்த 'ஈசோ பல்குரல்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டுமே அடக்கம் என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் வரும். அல்பேனியாவின் நடுவே ஓடும் ஷ்கும்பின் ஆற்றுக்கு வடக்கே உள்ள கெக் மக்களிடமோ ஒற்றைக்குரல் பாட்டே மரபு.

பல்கேரியா முழுக்கப் பல்குரல் என்று எண்ணுவதும் அப்படித்தான். திரேஸ் சமவெளியில் பழைய பாட்டு பெரும்பாலும் ஒற்றை மெட்டு. உலகமெங்கும் பரவிய பல்கேரிய வானொலிப் பெண்கள் குழுவின் பதிவுகளில் கேட்பது இசையமைப்பாளர்கள் விரித்தெழுதிய அமைப்பு. அதைக் கேட்டு ஊர்ப் பாட்டின் குரல்களைப் பிரித்தெடுக்கப் பார்த்தால், கிராமத்தில் இரண்டே குரலில் பாடும் பாட்டுக்கு ஐந்தாறு குரல் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.